கடைசி வரி வரைக்கும்

கண்ணைத் தொறக்காதீங்க. மூடியே வைங்க. சொட்டு மருந்து விட்டா முக்கா மணி நேரம் ஆகோணும், அப்பத்தான் கண்ணுப் பாப்பா நல்லா விரியும். நடுவுல தொறந்து தொறந்து பாத்தீங்கன்னா அந்த நர்ஸம்மா வந்து மறுக்கா ஊத்திட்டுப் போயிரும். எரியுதுங்களா? எரியும். கன்னத்துல வடியுது, இந்தாங்க பஞ்சு, தொடச்சுக்குங்க. இது புதுசுதானுங்க, கைய நீட்டுங்க. நாற்காலிக்கு அடியில இருக்கறதை எடுத்துராதீங்க, எவனோ பீளையைத் தொடச்சுப் போட்டிருக்கறான். சீ. எத்தனை பெரிய கண்ணாஸ்பத்திரி, எத்தனை படிச்ச சனம். குப்பைக்கூடை நாலடியில இருக்குது, அதுல போட்டா கை தேஞ்சு போயிருமா?

எனக்குக் கண்ணுல ஒண்ணுமில்லீங்க. புள்ளைக்குப் பாக்க வந்திருக்கறோம், உள்ளார இருக்கறா. அந்தா, மூணாவது வரிசையில பச்சைச் சீலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறது எம் பொண்டாட்டி, சம்பூரணம். பாக்காதீங்க, கண்ணை மூடுங்க! நான் சொல்லத்தான் சொன்னேன். அவ அங்க, நான் இங்க. பொண்ணுதான் அப்படி உக்கார வெச்சுட்டா. "அம்மா இங்க இருக்கட்டும், நீங்க அக்கட்டால போய் உக்காருங்க"ன்னுட்டா. பெத்தவனைப் பாத்து. என்ன வளர்ப்பு பாருங்க.

எனக்குத் தொழிலே கண்ணுதானுங்க. தாராபுரத்துல பஸ் ஸ்டேண்டு பக்கத்துல மருதாசலம் கண்ணாடிக் கடைன்னா சின்னப் புள்ளையும் காட்டும். முப்பத்தோரு வருஷம். படிப்பு கிடிப்பெல்லாம் இல்லை. ஈரோட்டுல ஒரு கடையில நாலு வருஷம் லென்ஸ் தேச்சேன், பக்கத்துல நின்னு பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். ஒரு லென்ஸ் பொட்டி, சுவத்துல எழுத்துப் போர்டு. ஆளை எட்ட உக்கார வெச்சு, ஒரு கண்ணைப் பொத்தி, இது தெரியுதா, இது தெரியுதா. கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டா கண்ணு பத்தரை மாத்து, போய்ட்டு வாங்கன்னு அனுப்பிருவேன். காங்கயத்துல இருந்தெல்லாம் எங்கிட்ட வருவாங்க. கைராசிக்காரன்னு பேரு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்கடைக்கு நேரெதுத்தாப்ல ஒரு கிளினிக்கைத் தொறந்தாங்க. ரெஜினான்னு ஒரு பொண்ணு. இருபத்தேழு வயசு இருக்கும். கண்ணுப் பரிசோதனைக்குன்னே நாலு வருஷம் காலேஜுல படிச்சதாம். கூடவே மெஷினு. ஒண்ணு, மோவாயை வெச்சு உக்காந்தா உள்ளார ஒரு ரோடு தெரியும், ரோட்டுக் கடைசியில பலூன். இன்னொண்ணு கண்ணுல பொசுக்குன்னு காத்து ஊதும். இன்னொண்ணு கண்ணுக்குப் பின்னால இருக்கற நரம்பைப் போட்டோ புடிக்குமாம். வாசல்ல எழுதி வெச்சிருந்தாங்க, கண்ணு நல்லா இருந்தாலும் வருஷம் ஒருக்கா வந்து பாத்துக்கோங்கன்னு. எனக்கு அதைப் பாத்தாலே குமட்டும். நல்லா இருக்கற கண்ணை எதுக்குங்க பாக்கோணும்? அது பொழப்புக்குப் பண்றதுன்னுதானே தோணும்?

அந்தப் பொண்ணு ஒருநா ரோட்டைத் தாண்டி எங்கடைக்கே வந்துச்சுங்க. மரியாதையாத்தான் வந்துச்சு. "சார், உங்ககிட்ட வர்றவங்கள்ல நாப்பது வயசு தாண்டுனவங்களை ஒருக்கா எங்கிட்ட அனுப்புங்க. கண்ணுக்குள்ள பிரஷர் மட்டும் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடறேன். கண்ணாடி உங்க கடையிலயே போட்டுக்கட்டும்"னுச்சு.

நான் வெத்தலை போட்டிருந்தேன். அதும் காலுகிட்டத் துப்புனனுங்க. செருப்புல தெறிச்சுது. அப்படியே ரோட்டைத் தாண்டித் திரும்பிப் போயிருச்சு.

அதுக்கப்புறம் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லி விட்டேன், அந்தக் காத்து ஊதற மெஷின்ல உக்காந்தா நரம்பு செத்துப் போயிரும்னு. வாய் கூசலை. நம்புனாங்க. நான் சொன்னா நம்புவாங்க.

இப்ப ஊட்டுக் கதைக்கு வர்றேன். எரிச்சல் கொறஞ்சுதுங்களா? அப்படியே இருங்க.

சம்பூரணம் நல்லாத்தான் இருந்தா. சுத்தம்னா அப்படியொரு சுத்தம். போசி பாத்திரத்தைத் தேச்சாள்னா மொகம் பாக்கலாம். போன வருஷத்துலருந்துதான் ஒருமாதிரி ஆயிட்டா. வாசல் கூட்டுனா நடுவுல மட்டும் கூட்டியிருப்பா, ஓரத்துல குப்பை அப்படியே கெடக்கும். காப்பியைக் கொண்டாந்து டேபிள்ல வெக்கறேன்னு விளிம்புல வெப்பா, கீழ வுழுகும். கதவு நெலவுல தோளை இடிச்சுக்குவா. படியில கால் தடுக்கும். தட்டைக் கழுவுனா ஒரு பக்கம் பருப்பு காஞ்சு ஒட்டியிருக்கும். நேத்துத் தின்ன பருப்புங்க. அதுல சோத்தைப் போட்டு எம்முன்னால வெப்பா. அருவருப்பா இருக்குமா, இருக்காதா, நீங்களே சொல்லுங்க.

நான் என்ன கண்ணு பாக்காதவனா? உடனே கடைக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுப் பாத்தேன். ஒரு வாட்டி இல்லீங்க, மூணு வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் கடைசி வரி வரைக்கும் படிச்சா. தடங்கலில்லாம, கிளி மாதிரி. அப்ப கண்ணுல ஒண்ணுமில்லை. கண்ணுல ஒண்ணுமில்லைன்னா என்ன அர்த்தம்? திமிரு. அசட்டை. அம்பத்தஞ்சு வயசுக்கு மேல இவனுக்கு என்னத்துக்குப் பண்ணோணும்னு ஒரு எகத்தாளம். அப்படித்தான் எனக்குத் தோணுச்சு.

பழனியில சொந்தக்கார ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம். இவ பந்தியில பாயசம் பரிமாறப் போனா. போகாதேன்னா கேக்கலை. மாப்பிள்ளையோட அப்பாவுக்கு எலையில ஊத்தறேன்னு மடியில ஊத்திட்டா. சுடச்சுட. வெள்ளை வேட்டி. நான் அத்தனை சனத்துக்கு முன்னால கேட்டேன், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?"ன்னு. சனமெல்லாம் சிரிச்சுது. அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கைத்துணியை எடுத்து மண்டியிட்டுத் தொடச்சா. அதுக்கப்புறம் விசேஷம்னு எங்கயும் வரலைன்னுட்டா. விட்டது தொல்லைன்னு நானும் இருந்துட்டேன்.

ஆடி மாசம் ஒரு மத்தியானம். அரிசீம்பருப்புச் சோறு செஞ்சிருந்தா. நான் கடையில இருந்து நல்ல பசியில வந்து உக்காந்தேன். வட்டல்ல போட்டுக் கொண்டாந்து வெச்சா. நெய் ஊத்துனா. ரெண்டு வாய் தின்னிருப்பேன். மூணாவது வாய்க்குப் பெசையறேன், ஓரத்துல கரப்பான்பூச்சிங்க. முழுசா. சோத்தோட வெந்து, கால் ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். பாதி எம் விரல்ல ஒட்டியிருக்குது.

உங்களுக்குச் சொல்றப்பக்கூட தொண்டைக்கு வருதுங்க.

"என்னடி இது?"ன்னேன். அவ குனிஞ்சு பாத்தா. வட்டலோட நடுவைப் பாக்கறா. "எதுங்க? நல்லாத்தான இருக்குது?"ங்கறா. கண்ணுக்கு முன்னால கெடக்குது, நல்லாத்தான இருக்குதுங்கறா! எனக்கு எங்கிருந்து கோவம் வந்துச்சோ, வட்டலைத் தூக்கி வீசிட்டேன். செவுத்தைப் பாத்துத்தான் வீசுனேன். அவ பக்கவாட்டுல நின்னுக்கிட்டிருந்தா. யாரா இருந்தாலும் ஒரு பொருள் பறந்து வந்தா மொகத்தைத் திருப்புவாங்க, கையை ஒசத்துவாங்க. நாயிகூட ஒதுங்கும். இவ கல்லு மாதிரி அப்படியே நின்னா. வட்டல் விளிம்பு புருவத்தோரம் வெட்டிருச்சு. ரத்தம் கண்ணுக்குள்ள எறங்குது, அப்பவும் கேக்கறா, "ஏனுங்க, என்னது வுழுந்துச்சு?"ன்னு.

பெரியாஸ்பத்திரியில மூணு தையல் போட்டாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்ட டாக்டர்கிட்ட, "கதவுல இடிச்சுக்கிட்டனுங்க"ன்னா. டாக்டர், "கண்ணை ஒட்டி பட்டிருக்குது, உள்ள ஏதாச்சும் அடியான்னு பாத்துருங்க, உங்க கடைக்கு எதுத்தாப்லயே கிளினிக் இருக்குதே"ன்னாரு. வேற வழியில்லை. முப்பத்தோரு வருஷம் கண்ணு பாத்தவன், ரோட்டைத் தாண்டி அந்தப் பொண்ணு முன்னால போய் நின்னேன். பஜாரே பாக்குது.

அந்தப் பொண்ணு ஒரு சொல்லு குத்தலாப் பேசலீங்க. பேசியிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு காத்து ஊதற மெஷின்ல உக்கார வெச்சுது. பொசுக்குன்னு ஊதுச்சு. நம்பரைப் பாத்துட்டு மறுபடி ஊதுச்சு. அப்புறம் மரத்துப் போற மருந்து விட்டு, நீல வெளிச்சம் போட்டு, இன்னொரு கருவியைக் கண்ணுல தொட்டுப் பாத்துச்சு. ஒரு கண்ணு முப்பத்தி நாலு, ஒரு கண்ணு முப்பத்தொண்ணுன்னுச்சு.

"எத்தனை இருக்கோணும்?"னேன்.

"இருபத்தொண்ணுக்குள்ள இருந்தா நல்லதுங்க சார்."

அப்புறம் இருட்டு ரூம்புக்குள்ள கூட்டிட்டுப் போச்சு. கிண்ணத்தைக் கவுத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டி. நடுவுல இருக்கற புள்ளியையே பாக்கோணும், சுத்தியும் அங்கங்க வெளிச்சம் மினுங்கும், தெரியறப்பக் கையில இருக்கற பொத்தானை அமுக்கோணும். நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். டிக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. மறுபடி டிக். மறுபடி ஒண்ணுமில்லை. தூங்கிட்டாளோன்னு எட்டிப் பாத்தனுங்க. தூங்கலை. நல்லா முழிச்சுக்கிட்டு, பொத்தான் மேல கட்டை விரலை வெச்சுக்கிட்டு, அடுத்த வெளிச்சத்துக்குக் காத்துக்கிட்டிருக்கறா.

தாள் வந்துச்சு. கன்னங்கரேல்னு. நடுவுல ஒரு பொத்தான் அகலத்துக்கு வெளுப்பு. ரெண்டு கண்ணும் அப்படித்தான்.

கண்ணுக்குள்ள நீர் அழுத்தம் ஏறி ஏறி, நரம்பைக் கொஞ்சங் கொஞ்சமா அரிச்சிருக்குதுன்னு சொல்லுச்சு. க்ளாக்கோமாங்கறாங்க. வலிக்காது, செவக்காது. ஓரத்துலருந்து தின்னுக்கிட்டே வரும், நடுவுல கடைசியாத்தான் கை வெக்கும். போனது திரும்பாதாம். இருக்கறதை மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாமாம்.

"எத்தனை நாளாம்மா ஓரமெல்லாம் தெரியலை?"ன்னு கேட்டுச்சு.

சம்பூரணம் சொல்றா, "தெரியலைன்னு எனக்கு எப்படிங்கம்மணி தெரியும்? பாக்கற எடம் நல்லாத் தெரியுதே."

"இதுக்கு முன்ன யாருகிட்டப் பாத்தீங்க?"

"இவருதான். வருஷந் தவறாமப் பாத்துருவாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சிருவேன்." பெருமையாச் சொல்றாளுங்க. எம் பக்கமா கையைக் காட்டிப் பெருமையாச் சொல்றா.

அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. "போர்டு நடுப்பார்வையை மட்டுந்தான் காட்டும் சார்"னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு.

எனக்குக் கோவம் தலைக்கேறிருச்சு. மெஷின் பொய் சொல்லுது, உன்ற மெஷினை நாலு பேருக்கு முன்னால நாறடிக்கறேன் பாருன்னு, நானே போய் அந்தப் பொட்டிக்குள்ள மோவாயை வெச்சேன். எனக்கும் கருப்பாத்தானே வரும், கருப்பு அடிக்கறதுதானே அதுக்கு வேலைன்னு நெனப்பு. வெளிச்சம் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, கோடியில ஒண்ணு, மினுக்கு மினுக்குன்னு. நானும் டிக்கு டிக்குன்னு அமுக்கறேன். அமுக்க அமுக்கத்தான் எனக்கு உறைக்குது. இந்த எடத்துலயெல்லாம் அவ சும்மா உக்காந்திருந்தா. நான் வெளிய கேட்டேனில்லீங்களா, அந்த ஒண்ணுமில்லாத நேரம், அது அத்தனையும் இந்த வெளிச்சம்.

என்ற தாள் வெள்ளையா வந்துச்சு. கண்ணுல எல்லாருக்கும் இருக்கற ஒரு சின்னப் புள்ளியைத் தவிர, வெள்ளை. ரெண்டு தாளையும் டேபிள்ல பக்கத்துல பக்கத்துல போட்டுட்டு அந்தப் பொண்ணு வெளிய போயிருச்சு. மெஷின் பொய் சொல்லலை.

திரும்பி நடந்து வர்றோம். சம்பூரணம் சிரிச்ச மொகமா வர்றா. தையல் போட்ட மொகம், வீங்கியிருக்குது, ஆனாலும் சிரிப்பு. "ஏனுங்க, அப்ப நான் வேணும்னு பண்ணலைங்கறது தெரிஞ்சு போச்சில்லைங்களா?"ங்கறா. "எனக்கே என்னமோ புத்தி பெரண்டு போச்சுன்னு பயந்துக்கிட்டிருந்தேன். கோயில்ல மந்திரிச்சுக் கயிறெல்லாம் கட்டியிருக்கறேன் பாருங்க"ன்னு ரவிக்கைக் கையைத் தூக்கிக் காட்டறா. போன பார்வை திரும்பாதுன்னு சொல்லியிருக்காங்க, அவளுக்கு சந்தோசம். வேணும்னு பண்ணலைன்னு நிரூபணம் ஆயிருச்சாம்.

ஊட்டுக்குப் போனதும் பின்பக்கம் பொடக்காளிக்குப் போய் வாந்தி எடுத்தனுங்க. அன்னிக்குக் கரப்பான்பூச்சிக்கு வராத வாந்தி.

ஆனா ஒண்ணு கேக்கறேன், அவ சொல்லியிருக்கலாமில்லீங்களா? எனக்கு இன்னது மாதிரி ஆகுதுன்னு ஒரு வார்த்தை? சொன்னாத்தான தெரியும்... என்ன கேட்டீங்க? நீங்க பாக்கலியான்னா? ஆமாங்க. மூணு வாட்டி கூட்டிட்டுப் போய்ப் பாத்தேன். அதுக்கு மேல அவ என்ன சொல்றது. கடைசி வரி படிச்சவகிட்ட நான்தான் ஒண்ணுமில்லைன்னேன்.

செவுத்தைப் பாத்து வீசுனேன்னு உங்ககிட்டச் சொன்னேன். அது பொய்யுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லலை, எம் பொண்ணுகிட்டயும் சொல்லலை. அவளைப் பாத்துத்தான் வீசுனேன். ஒதுங்கிக்குவாள்னு நெனச்சேன். நீங்க கண்ணை மூடியிருக்கறதால சொல்ல முடியுதாட்ட இருக்குது.

இப்பெல்லாம் நாப்பது தாண்டி எவரு கடைக்கு வந்தாலும் மொதல்ல எதுத்தாப்லதான் அனுப்பறேன். சின்னவங்களுக்கும் சொல்லித்தான் அனுப்பறேன். ஆனா இந்த முப்பத்தோரு வருஷம்? ரோட்டுல யாராச்சும் கல்லுல தடுக்குனாலே நின்னு பாக்கறேன். இவன் நான் பாத்து அனுப்புன ஆளோ? அந்தப் பொண்ணுகிட்டப் போகாதேன்னு நான் தடுத்த ஆளோ? கண்ணாடியில என்ற மூஞ்சியைப் பாக்கவே புடிக்கலை. கடையில செவுரு பூராவும் கண்ணாடிங்க.

அப்புறம் அவ வைத்தியத்துக்கு மொதல்ல இங்க வந்தோம். இங்கயும் அதே நம்பரு, அதே கருப்பு. டாக்டரம்மா சொன்னாங்க, இது ரத்த வழியில வரும், பெத்த புள்ளைக்கு அவசியம் பாக்கோணும்னு. எங்களுக்கு ஒரே பொண்ணு, நித்யகலா, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கறோம். முப்பத்திமூணு வயசு, ரெண்டு கொழந்தைங்க. அம்மாவோட நெத்தியைப் பாத்த நாள்ல இருந்து எங்கிட்டப் பேசறதில்லை. கதவுல இடிச்சதுன்னா நம்பறதுக்கு அவ என்ன வெளியாளா? நான் போன் போட்டேன். எடுத்தா. "நீயும் போய்க் கண்ணைப் பாத்துக்கோ சாமி"ன்னேன்.

"போன தீவாளிக்கு நீங்கதானப்பா பாத்தீங்க. நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க"ன்னா.

அவ குத்திக் காட்டறதுக்குச் சொல்லலீங்க. நெசமாவே அப்படி நெனச்சுக்கிட்டிருக்கறா. போனை சம்பூரணத்துகிட்டக் குடுத்துட்டேன்.

காலையில பொண்ணுக்குப் பிரஷர் பாத்தாங்க. இருபத்தஞ்சு. கொஞ்சம் கூடத்தான். நரம்பு போட்டோவுல கெடுதி தெரியலையாம். அந்த வெளிச்சப் பரிச்சையும் முடிச்சுட்டுச் சொல்றேன்னாங்க. இப்ப அதுலதான் உக்காந்திருக்கறா. இங்க ரூம்புக் கதவு கனம், சத்தம் வெளிய வராது. வந்தாத் தேவலை. டிக்கு டிக்குன்னு கேட்டாப் போதும்...

இருங்க. கதவு தொறக்குது.

வந்துட்டா. கையில தாள் இருக்குது. என்னைப் பாக்கலை, நேரா அம்மாகிட்டப் போறா. அவ கையில குடுக்கறா. சம்பூரணம் தாளை மொகத்துக்கு நேரா வெச்சுக்கிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பறா, மூலை மூலையாத் தேடித் தேடிப் பாக்கறா. ஒரு தாளை முழுசாப் பாக்க அவளுக்கு அத்தனை நேரம் ஆகுது பாருங்க. எந்திரிக்கறா. எங்கிட்ட வர்றா. பொண்ணு கையைப் புடிச்சிருக்கறா.

"ஏனுங்க, எனக்கு ஓரமெல்லாம் சரியாப் புடிபடலை. நீங்க பாத்துச் சொல்லுங்க. நல்லா இருக்குதுங்களா?"

பாத்தீங்களா. இன்னமும் எங்கிட்டத்தான் கேக்கறா.

எனக்கு வெள்ளையாத்தாங்க தெரியுது. இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும். பொண்ணும் என்னையே பாக்கறா. நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ரெண்டு பேரும் நம்பிருவாங்க.

"எனக்கு இதையெல்லாம் பாக்கத் தெரியாது சம்பூரணம். டாக்டரம்மா சொல்லட்டும். வா, கேக்கலாம். படி இருக்குது, எங்கையைப் புடிச்சுக்க."